மெல்பர்னில் முதல் மூன்று வாரம்: எதை முதலில் முடிப்பது?

நெல்லைச்சீமை_04
பிப்ரவரி மூன்றாவது வாரம் மெல்பர்ன் வருகிறேன். மோனாஷ் கிளேட்டன் வளாகம், இரண்டு வருட முதுகலை. 500 விசா (மாணவர் விசா) வந்துவிட்டது, ஓஎஸ்எச்சி என்கிற மாணவர் மருத்துவ இன்ஷூரன்ஸும் கட்டியாச்சு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், சர்நேம் இடம் காலி. பேங்க், சிம், வீடு, டிஎஃப்என் (வரி எண்), வேலை என்று ஆளாளுக்கு ஒரு வரிசை சொல்கிறார்கள். எதை முதலில் முடிக்கணும், எதைத் தள்ளிப்போடலாம்?

கிளேட்டன்வாசி
தம்பி, கெடு உள்ள வேலை எது, கெடு இல்லாத வேலை எது என்று முதலில் பிரிச்சுக்கோங்க. வரிசை தானா வந்துடும்.

கெடு உள்ளது நாலுதான். ஒன்று, வந்திறங்கிய 7 நாளுக்குள் நீங்க தங்கியிருக்கிற முகவரியைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கணும். இது விசா நிபந்தனை 8533. மாணவர் போர்ட்டலில் முகவரியை மாற்றினால் போதும், தனியா யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம். ஆனா வீடு மாறும்போதெல்லாம் மறுபடி 7 நாள் கணக்கு ஓடும். இரண்டு, வாடகை வீட்டில் குடியேறினால் கண்டிஷன் ரிப்போர்ட்டை (வீடு எந்த நிலையில் இருக்கு என்று குறிக்கிற படிவம்) 5 வேலை நாளுக்குள் பூர்த்தி செய்து திருப்பிக் கொடுக்கணும். மூன்று, டிஎஃப்என். அது கைக்கு வர 28 நாள் வரை ஆகலாம், அதனால சீக்கிரம் போட்டு வைக்கணும். நாலு, சென்சஸ் தேதி. முதல் செமஸ்டருக்குப் பெரும்பாலும் மார்ச் 31. அதுக்குள் ஒரு பாடத்தை விட்டால் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை, மறுநாள் விட்டால் முழு ஃபீஸ்.

பேங்க், சிம் எல்லாம் ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலை. மெத்தை, போர்வை, பாத்திரத்துக்கு கேமார்ட் எங்கேயும் ஓடிப்போகாது.

வரிக்கணக்கு
ஒற்றைப் பெயர் என்று சொன்னீங்களே, பலரும் கவனிக்காமல் விடுகிற இடம் அதுதான். இனிஷியலோடு வாழ்கிற நம்ம ஆட்களுக்கு இங்கே முதல் மாதச் சிக்கல்களில் பாதி பெயரால்தான் வருது.

விசா கிராண்ட் கடிதத்தை எடுத்து, குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்க. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு வழக்கமா அந்த ஒரே பெயர்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கும், முதல் பெயர் கட்டம் காலியா இருக்கும். பேங்க், டிஎஃப்என், இன்ஷூரன்ஸ், சம்பளப் படிவம், எல்லாவற்றிலும் அதே மாதிரி ஒரே வடிவத்தில் கொடுங்க. ஓரிடத்தில் அப்பா பெயரைச் சேர்ப்பது, இன்னோரிடத்தில் விமான டிக்கெட்டில் முதல் பெயருக்குப் பதிலா வந்த 'எஃப்என்யு'வைச் சேர்ப்பது, இதெல்லாம் வேண்டாம். டிஎஃப்என் விண்ணப்பம் ஆன்லைனில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணைக் குடிவரவுத் துறைப் பதிவோடு ஒப்பிடும். பெயர் ஒத்துப்போகலைன்னா விண்ணப்பம் நகராது. சூப்பர் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கிலும் இதே கதை. பெயர் ஒரு எழுத்து மாறினால் அடுத்த முதலாளி உங்களுக்கு இரண்டாவது கணக்கு திறந்துடுவார், இரண்டிலும் கட்டணம் பிடிப்பார்கள்.

பல்கலைக்கழகப் பதிவில் பெயர் எப்படி இருக்கு என்றும் இப்பவே பாருங்க. பட்டச் சான்றிதழில் அதுதான் அச்சாகும்.

டிஎஃப்என் விண்ணப்பம் இலவசம். ஏடிஓ (வரித்துறை) தளத்தில் நீங்களே போடலாம். ஆஸ்திரேலியாவுக்குள் வந்த பிறகுதான் போட முடியும். 'நாங்க போட்டுத் தர்றோம், 80 டாலர்' என்று யாராவது சொன்னால் நகர்ந்துடுங்க. எண் தபாலில்தான் வரும். பத்து நாள் தங்குகிற இடத்தின் முகவரியைக் கொடுத்தால், கடிதம் வரும்போது நீங்க அங்கே இருக்க மாட்டீங்க. தபால் முகவரியா நம்பிக்கையான ஒருத்தர் வீட்டைக் கொடுங்க. இல்லைன்னா நிலையான அறை கிடைத்த அன்றே போடுங்க. 28 நாள் தாண்டியும் வரலைன்னா ஏடிஓவை 13 28 61-இல் கூப்பிடலாம்.

நெல்லைச்சீமை_04
நன்றி அண்ணா. தற்காலிகமா 10 நாளைக்கு ஓரிடம் போட்டிருக்கேன். ஃபேஸ்புக் குழுவில் கிளேட்டனில் ஒரு ரூம் பார்த்தேன், வாரம் 280 டாலர். நாலு வார பாண்ட் (டெபாசிட்), நாலு வார முன்வாடகை, மொத்தம் 2,240 இப்பவே அனுப்பினால் பிடித்து வைக்கிறேன் என்கிறார். படமெல்லாம் நல்லா இருக்கு.

டண்டெனோங்_அக்கா
அனுப்பாதேங்கோ தம்பி. அந்த ஆள் நேர்மையானவராகவும் இருக்கலாம், அது வேற விசயம். அறையைப் பார்க்கிறதுக்கு முன்னம் காசு கேட்கிறதுதான் இங்கத்தைய வாடகை மோசடியின் முக்கிய அடையாளம். படம் வேற வீட்டு விளம்பரத்திலை இருந்து எடுத்ததாய் இருக்கும், 'சொந்தக்காரர் வெளிநாட்டிலை இருக்கிறார், சாவியைக் கூரியரிலை அனுப்புவார்' எண்டு அடுத்த செய்தி வரும். உங்களுக்காக நேரிலை போய் வீடியோ கோலிலை காட்ட ஒருத்தர் இருந்தால் மட்டும் யோசியுங்கோ.

பாண்ட் பற்றி ஒண்டு தெளிவாய் விளங்கிக்கொள்ளுங்கோ. விக்டோரியாவிலை வார வாடகை 900 டாலர் அல்லது அதுக்குக் குறைவெண்டால் பாண்ட் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, முன்வாடகையும் ஒரு மாதத்துக்கு மேலை கேட்கக் கூடாது. வாங்கின பாண்டை 10 வேலை நாளுக்குள்ளை ஆர்டிபிஏ எண்ட அரச அமைப்பிலை கட்ட வேணும். கட்டினால் உங்களுக்கு ரசீது வரும். ரசீது வராட்டில் காசு ஆற்றையோ பொக்கெட்டிலை கிடக்குது.

ஃபேஸ்புக்கிலை ரூம் விடுகிற ஆள் ஆர்? வீட்டுச் சொந்தக்காரரோ, இல்லாட்டில் லீஸ் எடுத்து உள்வாடகைக்கு விடுகிற இன்னொரு மாணவரோ? உள்வாடகை எண்டால் அவர்தான் உங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர், பாண்டை ஆர்டிபிஏயிலை கட்டுற பொறுப்பும் அவருக்குத்தான். அதோடை அவருக்குச் சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதமும் வேணும். அந்தச் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கோ. முகம் சுருங்கினால் வேற அறை பார்க்கலாம்.

ஓவல்_மணி
அக்கா சொல்றது சட்டப்படி சரி. ஆனா பிப்ரவரி கடைசி வாரத்தில் கிளேட்டன், நாட்டிங் ஹில், கார்ல்டன் பக்கம் அறை தேடுவது எப்படி இருக்கும் என்று பையனுக்குத் தெரியணும். எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே நேரத்தில் திறக்கும். சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனில் 15 நிமிஷம்தான் கதவு திறந்திருக்கும், வாசலில் வரிசை நிற்கும். 10 நாள் பத்தாது. நாலு வாரம் தற்காலிக இடம் போடுங்க, இல்லைன்னா பல்கலைக்கழக விடுதியில் ஒரு செமஸ்டர் எடுங்க. கொஞ்சம் விலை அதிகம்தான், ஆனா மின்சாரம், இன்டர்நெட், கட்டில் எல்லாம் அதிலேயே அடக்கம்.

டண்டெனோங்_அக்கா
மணி, நாலு வாரத்துக்கு ஒத்துக்கொள்ளுறன். அவசரத்திலை காசு அனுப்புறதுக்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டன். கிளேட்டனிலை கிடைக்காட்டில் ஸ்பிரிங்வேல், நோபிள் பார்க், டண்டெனோங் எல்லாம் அதே ரயில் பாதைதானே. வாடகையும் குறைவு, அரிசி பருப்புக் கடையும் வாசலிலை.

இன்னொண்டு. ஒரு வீட்டிலை நாலு பேர் அல்லது கூட, ஒவ்வொருத்தரும் தனித்தனியாய் அறை எடுத்து இருந்தால் அது ரூமிங் ஹவுஸ். பதிவு செய்திருக்க வேணும், அந்தப் பதிவேட்டை ஆரும் ஆன்லைனிலை பார்க்கலாம். வரவேற்பறையைத் திரை போட்டு மறைச்சு 'அறை' எண்டு விடுகிற இடங்கள் அந்தப் பதிவேட்டிலை இராது.

கிளேட்டன்வாசி
வாடகைக் கணக்கு ஒன்று. வாரம் 280 என்றால் மாதம் 1,120 என்று நாலால் பெருக்கி பட்ஜெட் போடாதீங்க. ஏஜென்ட் மாத வாடகை போடும் முறை: வார வாடகையை 7-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுக்கணும். 280-க்கு அது 1,216.67. மாசம் கிட்டத்தட்ட நூறு டாலர் வித்தியாசம்.

கண்டிஷன் ரிப்போர்ட்டை 'எல்லாம் நல்லா இருக்கு' என்று டிக் அடிச்சுக் கொடுக்கிறவங்கதான் வெளியேறும்போது பாண்டில் பணம் இழப்பது. ஒவ்வொரு அறையிலும் கார்ப்பெட் கறை, சுவரில் ஆணி ஓட்டை, ஜன்னல் பிளைண்ட் கயிறு, ஓவன் உள்பக்கம், ரேஞ்ச்ஹூட் (அடுப்புக்கு மேலே இருக்கிற புகை உறிஞ்சி) ஃபில்டரில் ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறை சிலிகான் ஓரத்துக் கருப்பு, எல்லாத்தையும் எழுதி படம் எடுத்து, அன்றே உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கோங்க, தேதி பதிவாயிடும். நம்ம சமையலுக்குன்னு ஒன்று: வெள்ளை லேமினேட் மேடையில் மஞ்சள் கறை ஏற்கெனவே இருந்தால் தனியா ஒரு படம். போகும்போது அது உங்க சாம்பார்தான்னு சொல்வாங்க, மறுக்க முடியாது.

நெல்லைச்சீமை_04
வந்த வாரமே வேலை தேடலாமா? சீனியர் ஒருத்தர் ஏபிஎன் (சுயதொழில் எண்) எடுத்து டெலிவரி ஓட்டினால் விசாவின் 48 மணி நேர வேலை வரம்புக் கணக்கில் வராது என்றார்.

வரிக்கணக்கு
வரும். சம்பளமா வாங்கினாலும் ஏபிஎன்னில் ஓட்டினாலும் விசாவைப் பொறுத்தவரை அது வேலைதான். அந்த சீனியர் பேச்சைக் கேட்டு விசாவைப் பணயம் வைக்காதீங்க.

தேடலாம், ஆனா படிப்பு தொடங்கும் வரை ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. தொடங்கிய பிறகு வகுப்பு நடக்கிற காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். 2023 ஜூலை 1 முதல் இதுதான் வரம்பு. பல்கலைக்கழகம் அறிவித்த விடுமுறையில் வரம்பு இல்லை.

நிறையப் பேர் தவறுவது 'இரண்டு வாரம்' என்பதை எப்படி எண்ணுவது என்பதில். சம்பள நாளை வைத்து எண்ணக் கூடாது. எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கினாலும் அடுத்த 14 நாள் ஒரு கணக்கு. முதல் வாரம் 20 மணி, இரண்டாம் வாரம் 28 மணி என்றால் 48, சரி. மூன்றாம் வாரம் 25 மணி போனால்? முதலாளி அதைப் புது சம்பளக் காலமா எண்ணுவார், ஆனா இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் சேர்ந்து 53. நிபந்தனை மீறல். வாரம் 24-ஐத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

வேலையில் சேர்ந்து 28 நாளுக்குள் டிஎஃப்என் கொடுக்கலைன்னா 47 சதவீதம் வரி பிடிப்பார்கள். படிவத்தில் வரியில்லா வரம்பைக் கோருகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 18,200 டாலர் வரை வரி இல்லை என்பது அதுதான். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு வருகிறவர்கள் பொதுவா வரி விஷயத்தில் உள்ளூர்வாசியாகவே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், அதனால கோரலாம். ஆனா ஒரே ஒரு முதலாளியிடம் மட்டும். இரண்டாவது வேலையில் 'இல்லை' என்று டிக் அடிக்கணும், இல்லைன்னா ஜூலையில் கணக்கு முடிக்கும்போது கையிலிருந்து கட்ட வேண்டிவரும்.

ஓவல்_மணி
சம்பளத்தையும் சொல்லிடுங்க, ஏன்னா முதல் வாரமே ஏதாவது உணவகத்தில் '15 டாலர், கேஷ்' என்று கேட்பாங்க.

2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் (நிரந்தரமில்லாத வேலை) என்றால் 25 சதவீதம் கூடுதல், அதாவது 31.19. 21 வயது நிரம்பியவருக்கு இதுக்குக் கீழே யார் கொடுத்தாலும் சட்டவிரோதம், நம்ம ஊர்க்காரர் கடையா இருந்தாலும் சரி. கூலிக்கு மேலே 12 சதவீதம் சூப்பர். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் கொடுக்கணும். 'ஒரு வாரம் ட்ரெயினிங், சம்பளம் கிடையாது' என்பதும் செல்லாது. உங்களுக்கு அந்த வேலை தெரியுமா என்று பார்க்கிற சிறு நேரம் மட்டும்தான் சம்பளமில்லாமல் இருக்கலாம்.

கேஷ் வேலையில் ரோஸ்டரை (வேலை நேர அட்டவணை) படம் எடுத்து வையுங்க, போன நேரம், வந்த நேரம் குறித்து வையுங்க. ஃபேர் வொர்க் (சம்பளப் புகாரைக் கவனிக்கிற அரசு அமைப்பு) எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் முதலில் 131 450-க்கு அடித்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, அவர்களே இணைத்துவிடுவார்கள். 'புகார் கொடுத்தா உன் விசா போயிடும்' என்பது முதலாளிகள் வழக்கமா காட்டுகிற பூச்சாண்டி.

சிம்கார்டு_சித்தர்
ஒருத்தரும் ஃபோன் பற்றிச் சொல்லலை. 2024 கடைசியில் ஆஸ்திரேலியாவில் 3ஜி முழுக்க நிறுத்தியாச்சு. 4ஜியில் அவசர எண் 000-ஐக் கூப்பிட முடியாத ஃபோன்களை நெட்வொர்க்கிலிருந்தே தடுக்கணும் என்று விதி. ஊரில் ஜியோவிலும் ஏர்டெல்லிலும் வோல்ட்டி (4ஜி வழியா பேசுகிற வசதி) நல்லா வேலை செய்வதால் இங்கேயும் செய்யும் என்று நம்ப முடியாது. ஒரே மாடல் என்றாலும் இந்தியப் பதிப்பின் மென்பொருளில் இங்கத்திய நெட்வொர்க்குக்கான அமைப்பு இல்லாமல் இருக்கலாம். புது ஃபோன் வாங்குகிற எண்ணம் இருந்தால் ஊரில் வாங்காமல் இங்கே வந்து வாங்குங்க. பழைய ஃபோன் என்றால் மாடல் எண்ணை வைத்து டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடஃபோன் தளங்களில் இப்பவே பாருங்க.

சிம் ப்ரீபெய்டு போதும், பாஸ்போர்ட் காட்டி ஆக்டிவேட் பண்ணலாம். பெரும்பாலும் 28 நாள் கணக்கு. ஊர் எண்ணை ரோமிங்கில் உயிரோடு வையுங்க, இந்திய பேங்க் ஓடிபி அதில்தான் வரும்.

டண்டெனோங்_அக்கா
பெட்டியிலை என்ன கொண்டு வாறது எண்டும் கேட்பார் எண்டு நினைக்கிறன், அதையும் எழுதிவிடுறன். விமானத்திலை தருகிற அட்டையிலை உணவு, தாவரப் பொருள், மருந்து எதுவாய் இருந்தாலும் 'ஆம்' போடுங்கோ. அறிவிச்சால் ஆகக் கூடினது பொருளை எடுத்துப் போடுவினம். மறைச்சால் பெரிய தண்டம், மாணவர் விசாவையே ரத்துச் செய்யவும் அதிகாரம் இருக்கு. கறிவேப்பிலை கொண்டு வரவே கூடாது. எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கிற நோயைப் பரப்புற பூச்சி அந்தச் செடியிலை வாழும். பால்கோவா, பால் இனிப்புகளும் வேண்டாம், இந்தியாவிலை கோமாரி நோய் இருக்கிறதாலை. மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள் கடை பக்கெட்டிலை சீல் உடைக்காமல் கொண்டு வந்து அறிவியுங்கோ. உண்மையைச் சொன்னால் ஸ்பிரிங்வேலிலும் டண்டெனோங்கிலும் கிடைக்காத மளிகை இல்லை, 23 கிலோவை அதுக்குச் செலவழிக்கிறது வீண். மருந்து மட்டும் மூண்டு மாத அளவு, வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடை.

கிளேட்டன்வாசி
பல்லும் கண்ணாடியும் ஊரிலேயே முடிச்சிட்டு வாங்க. சாதாரண ஓஎஸ்எச்சியில் இரண்டும் வராது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு, மனநலம் சார்ந்ததுக்கு 2 மாதம். டாக்டரிடம் போகும்போது உங்கள் இன்ஷூரன்ஸுக்கு டைரக்ட் பில்லிங் (கட்டணத்தை நேரா இன்ஷூரன்ஸிடம் வாங்கிக்கொள்வது) உண்டா என்று கேட்டுட்டு நேரம் வாங்குங்க, வளாக டாக்டர்கள்கிட்ட பெரும்பாலும் இருக்கும். ராத்திரி காய்ச்சல், எமர்ஜென்சியா இல்லையா என்று குழப்பம் என்றால் நர்ஸ் ஆன் கால், 1300 60 60 24.

அடுக்குமாடி விடுதி எடுத்தால் தாளிப்பு விஷயத்தில் ஜாக்கிரதை. ரேஞ்ச்ஹூட்டைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, பிறகு கடுகைப் போடுங்க. அலாரம் அடிச்சுட்டால் பதற்றத்தில் காரிடார் கதவை மட்டும் திறக்காதீங்க. அறைக்குள் இருக்கிற அலாரம் பொதுவா சத்தம் போடுவதோடு சரி. காரிடாரில் இருப்பதுதான் தீயணைப்புத் துறையோடு இணைந்தது. புகை அங்கே போனால் கட்டடமே காலியாகும், வண்டி வரும், அந்தக் கட்டணம் உங்க தலையில் வந்து விழலாம்.

வரிக்கணக்கு
செமஸ்டர் தொடங்கிய இரண்டாவது வாரமே 'குறைந்த ஃபீஸ் கல்லூரிக்கு மாற்றித் தர்றேன்' என்று ஏஜென்ட்கள் கூப்பிடுவார்கள். முதன்மைப் படிப்பின் முதல் ஆறு மாதத்துக்கு, இப்போதைய கல்லூரி விடுவிக்காமல் மாற முடியாது. முதுகலையிலிருந்து டிப்ளமாவுக்கு இறங்கினால் அது விசா நிபந்தனை 8202-ஐத் தொடும், புது விசா தேவைப்படும். கமிஷன் வாங்குகிறவர் இதைச் சொல்ல மாட்டார். 'உன் பேங்க் கணக்கை எனக்குக் கொடு, 500 டாலர் தர்றேன்' என்று கேட்கிறவனும் வருவான். அது பணமோசடி வழக்கில் உங்க பெயரை எழுதிக்கொடுப்பது.

நெல்லைச்சீமை_04
2,240 அனுப்பவில்லை, நாலு வாரத்துக்கு வேறிடம் பார்க்கிறேன். கடைசியா ஒன்று: ஏர்போர்ட்டிலிருந்து கிளேட்டனுக்கு இரண்டு பெட்டியோடு எப்படி வருவது? ஸ்கைபஸ்ஸில் சதர்ன் கிராஸ், அங்கிருந்து கிரான்போர்ன் அல்லது பேக்கன்ஹாம் ரயில் என்று பல இடத்தில் போட்டிருக்கு.

ஓவல்_மணி
அது பழைய வழி. மெட்ரோ டனல் 2025 நவம்பர் 30-இல் திறந்தது. 2026 பிப்ரவரி 1 அட்டவணை மாற்றத்திலிருந்து கிரான்போர்ன், பேக்கன்ஹாம் ரயில்கள் அந்தச் சுரங்கம் வழியாப் போகுது, சதர்ன் கிராஸுக்கு வராது. ஸ்கைபஸ்ஸில் இறங்கி ஃபிராங்க்ஸ்டன் ரயில் பிடித்து கால்ஃபீல்டில் மாறுங்க. இல்லைன்னா ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் வரை வந்து, சுரங்க நடைபாதை வழியா டவுன் ஹால் நிலையம் போனால் நேரடி ரயில். பெட்டியோடு கால்ஃபீல்டு வழிதான் நடை குறைவு.

ஸ்கைபஸ்ஸுக்குத் தனி டிக்கெட், மைக்கி (இங்கத்திய ரயில், பஸ் பயண அட்டை) செல்லாது. காசு மிச்சம் வேணும்னா 901 பஸ்ஸில் பிராட்மெடோஸ் ஸ்டேஷன், அங்கிருந்து கிரெய்கிபர்ன் பாதை ரயிலில் நகரம், எல்லாம் ஒரே மைக்கியில். கார்டு 6 டாலர், முழுக் கட்டண கார்டு வாங்குங்க. இங்கே வெளிநாட்டு முதுகலை மாணவருக்கு கன்செஷன் இல்லை, கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் பரிசோதகர் விட மாட்டார். வளாகத்துக்குப் போக ஹண்டிங்டேலில் இறங்கி 601 பஸ். அது வார நாளில்தான் ஓடும், சனி ஞாயிறு வந்திறங்கினால் அதே ஸ்டேஷன் வாசலில் 630.